கணக்குக் கற்பிக்க என்னால் முடியுமா? மாணவ ஆசிரியர்களின் தன்திறன் நம்பிக்கையை அளக்கும் முறை

தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் புதிதாகச் சேர்ந்திருக்கும் ஒரு வகுப்பில், "கணக்குக் கற்பிப்பதில் உங்களுக்குத் தன்னம்பிக்கை இருக்கிறதா?" என்று கேட்டால் அநேகமாக எல்லாரும் ஆம் என்பார்கள். அதே வகுப்பில், "52இலிருந்து 27ஐக் கழித்து 35 என்று எழுதியிருக்கும் இரண்டாம் வகுப்புக் குழந்தைக்கு, அந்தக் குழந்தை எங்கே வழுக்கியது என்பதைத் தீக்குச்சிக் கட்டுகளைக் கொண்டு புரியவைக்க உங்களால் முடியுமா?" என்று கேட்டால் சிலர் தயங்குவார்கள், சிலர் தாளைப் பார்ப்பார்கள், ஓரிருவர் உறுதியாகத் தலையசைப்பார்கள். இரண்டு முறையும் அவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். முதல் கேள்வி ஒரு நற்பண்பைப் பற்றியது. இரண்டாவது ஒரு வேலையைப் பற்றியது. நம்பிக்கையை அளக்க விரும்பும் ஆசிரியக் கல்வியாளர் இரண்டாவது வகைக் கேள்வியையே கேட்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாவட்ட ஆசிரியர் கல்வி மற்றும் பயிற்சி நிறுவனங்களிலும் கல்வியியல் கல்லூரிகளிலும் பணியாற்றுவோரையும், இந்தப் பொருளில் ஆய்வேடு எழுதும் எம்.எட். மாணவர்களையும் மனத்தில் கொண்டு இந்த வழிகாட்டியை எழுதுகிறேன்.

எதை அளக்கிறோம் என்பதை முதலில் தெளிவாக்கிக்கொள்ளுங்கள்

உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா 1977இல் முன்வைத்த கருத்து, குறிப்பிட்ட ஒரு செயலைக் குறிப்பிட்ட ஒரு சூழலில் தன்னால் செய்துமுடிக்க முடியும் என்று ஒருவர் கொண்டிருக்கும் நம்பிக்கையைப் பற்றியது. இதைத் தன்திறன் நம்பிக்கை என்று தமிழில் சொல்கிறோம். இது பொதுவான தன்னம்பிக்கை அன்று. ஒரே மாணவ ஆசிரியர் கூட்டல் கற்பிப்பதில் உறுதியாகவும் பின்னம் கற்பிப்பதில் மிகவும் தளர்ந்தும் இருக்கலாம். இரண்டையும் ஒரே எண்ணில் அடைத்தால் அவரைப் பற்றி நமக்கு எதுவும் தெரியாமல் போகும்.

இதனோடு குழம்பக்கூடிய வேறு நான்கு செய்திகள் உண்டு. கணக்குப் பாடத்தை அவருக்குப் பிடிக்குமா என்பது மனப்பான்மை. அவரால் கணக்கைச் செய்ய முடியுமா என்பது பாட அறிவு. கணக்கைக் கண்டால் அவருக்குப் படபடப்பு வருகிறதா என்பது கணக்கச்சம். நன்றாகக் கற்பித்தால் எந்தக் குழந்தையும் கற்றுக்கொள்ளும் என்று அவர் நினைக்கிறாரா என்பது விளைவு எதிர்பார்ப்பு. இவை ஒன்றோடொன்று தொடர்புடையவை, ஆனால் ஒன்றல்ல. கணக்கச்சத்தை மட்டும் சற்று அழுத்திச் சொல்லவேண்டும். சையன் பெய்லாக்கும் உடன் ஆய்வாளர்களும் அமெரிக்காவில் முதல் இரண்டு வகுப்புகளுக்குக் கற்பித்த 17 பெண் ஆசிரியர்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட முடிவின்படி, ஆசிரியரின் கணக்கச்சம் மிகுந்திருந்த வகுப்புகளில் ஆண்டு முடிவில் சிறுமிகளின் கணக்கு அடைவு குறைந்திருந்தது. சிறுவர்களிடம் அந்த வேறுபாடு காணப்படவில்லை. எனவே அச்சத்தை அளக்க விரும்பினால் அதற்கெனத் தனி வினாக்களை வைத்துக்கொள்ளுங்கள். அச்சம் குறைவாக இருப்பதையே நம்பிக்கை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கை நடுங்கிக்கொண்டே மிகத் தெளிவாகக் கற்பிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இருக்கும் கருவிகளில் எதை எடுப்பது

இந்தத் துறையில் மிகுதியாகப் பயன்படுவது, ஈனாக்ஸ், ஸ்மித், ஹுயின்கர் ஆகிய மூவரும் 2000இல் வெளியிட்ட கணிதம் கற்பித்தல் திறன் நம்பிக்கைக் கருவி. அறிவியல் கற்பித்தலுக்கென 1990இல் ஈனாக்ஸும் ரிக்ஸும் மாணவ ஆசிரியர்களுக்காக உருவாக்கிய கருவியைக் கணக்குக்கு மாற்றியமைத்து இதைச் செய்தார்கள். 21 கூற்றுகள் கொண்ட இக்கருவியில் 13 கூற்றுகள் ஆசிரியரின் தன்திறன் நம்பிக்கையையும் 8 கூற்றுகள் விளைவு எதிர்பார்ப்பையும் அளக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் "முற்றிலும் உடன்படுகிறேன்" (5) முதல் "முற்றிலும் மறுக்கிறேன்" (1) வரை ஐந்து நிலைகள் உண்டு. ஆகவே முதல் பகுதியின் மதிப்பெண் 13க்கும் 65க்கும் இடையிலும், இரண்டாவது 8க்கும் 40க்கும் இடையிலும் அமையும். இரண்டையும் கூட்டி 105க்கு ஒரு மதிப்பெண் தருவதை ஆய்வேடுகளில் காணமுடிகிறது. அவ்வாறு செய்யாதீர்கள். "நல்ல ஆசிரியர் கையில் எந்தக் குழந்தையும் கற்கும், ஆனால் அந்த நல்ல ஆசிரியர் நான் அல்லன்" என்று நினைப்பவரும், "என்னால் நன்றாகக் கற்பிக்க முடியும், ஆனால் இந்தக் குழந்தைகளுக்கு ஏறாது" என்று நினைப்பவரும் அந்தக் கூட்டுத்தொகையில் சமமாகிவிடுவார்கள். இந்த இருவருக்கும் நாம் செய்யவேண்டிய உதவி முற்றிலும் வேறானது.

ஷானன்-மோரன், வுல்ஃபோக் ஹோய் ஆகியோர் 2001இல் வெளியிட்ட அளவுகோல் 24 வினாக்களும் அதன் சுருங்கிய வடிவம் 12 வினாக்களும் கொண்டது. ஒன்பது நிலைகளில் விடை தருவது. கற்பித்தல் உத்தி, மாணவரை ஈடுபடுத்துதல், வகுப்பறை மேலாண்மை என மூன்று கூறுகளை அது பிரித்துக் காட்டுகிறது. நல்ல கருவிதான், ஆனால் எந்தப் பாடத்துக்கும் பொதுவானது; கணக்குக்கென்று எதையும் கேட்காது. எதை எடுத்தாலும், மொழிபெயர்க்கும் முன் உருவாக்கியவர்களிடம் எழுத்து மூலம் இசைவு பெறுங்கள்.

என் பரிந்துரை இது: பிற ஆய்வுகளோடு ஒப்பிட வேண்டுமானால் முதலில் சொன்ன 21 கூற்றுக் கருவியை முழுதாகப் பயன்படுத்துங்கள், அதனோடு, உங்கள் பாடத்திட்டத்திலிருந்தே எழுதிய பத்துப் பன்னிரண்டு பணிசார் வினாக்களைத் தனித்தாளில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒப்பிடும் தேவை இல்லையெனில் இரண்டாவது தாளே போதும்.

தமிழாக்கும்போது கவனிக்க வேண்டியவை

அளவீடு பெரும்பாலும் கெட்டுப்போவது இந்தக் கட்டத்தில்தான். முதல் சிக்கல் "நம்பிக்கை" என்ற சொல். தமிழில் அது எதிர்பார்ப்பையும், பிறர்மீது வைக்கும் உறுதியையும், கடவுள் பற்றையும், தன்மேல் கொண்ட துணிவையும் ஒன்றாகச் சுட்டும். "தன்னம்பிக்கை" என்பதோ பள்ளி மேடைப் பேச்சுகளில் ஓர் அறமாகவே போற்றப்பட்டுவரும் சொல். அது தனக்கு இல்லை என்று எழுத யாருக்கும் மனம் வராது. ஆகவே வினாக்களில் இந்த இரு சொற்களையும் அறவே தவிர்த்துவிட்டு "என்னால் முடியும்" என்ற தொடரை வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது சிக்கல் வினைமுற்று. மாணவ ஆசிரியர்கள் இன்னும் பணிக்குச் செல்லாதவர்கள் என்பதால் மூலக்கருவியில் பல கூற்றுகள் எதிர்காலத்தில் அமைந்துள்ளன. அவற்றை அப்படியே "கற்பிப்பேன்", "விளக்குவேன்" என்று எழுதினால், தமிழ்க் காதுக்கு அவை உறுதிமொழியாக ஒலிக்கும். "குழந்தைகளின் கேள்விகளை வரவேற்பேன்" என்ற கூற்றை மறுப்பவர் யார்? தன்திறன் வினாக்கள் எண்ணத்தைக் கேட்காமல் ஆற்றலையே கேட்கவேண்டும் என்று பண்டூராவும் 2006இல் எழுதிய வழிகாட்டுக் கட்டுரையில் வலியுறுத்துகிறார். "கற்பிப்பேன்" என்பதைக் "கற்பிக்க என்னால் முடியும்" என்று மாற்றுவது சிறு திருத்தம்போலத் தோன்றினாலும் விடைகளின் பரவலையே அது மாற்றிவிடும்.

மூன்றாவது, எதிர்மறைக் கூற்றுகள். 21 கூற்றுகளில் 8 எதிர்மறையானவை. அந்த எட்டும் தன்திறன் பகுதியிலேயே இருக்கின்றன. "எவ்வளவு முயன்றாலும் பிற பாடங்களைப்போல் கணக்கை என்னால் நன்றாகக் கற்பிக்க முடியாது" என்ற பொருளுடைய கூற்றுக்கு "உடன்படவில்லை" என்று விடை குறிக்கச் சொன்னால், படிப்பவர் இரண்டு "இல்லை"களைக் கடந்து ஒரு "ஆம்"க்கு வரவேண்டும். விடைநிலைக்கு "மறுக்கிறேன்" என்ற சொல்லைத் தருவது இந்தச் சுமையைக் கொஞ்சம் குறைக்கும். எதிர்மறைச் சொல் வரும் இடத்தைத் தடித்த எழுத்தில் அச்சிடுவதும் உதவும்.

நான்காவதாக, "கணிதம்" என்பதா, "கணக்கு" என்பதா என்ற கேள்வி. பட்டயப் படிப்புக்கு வருவோரில் பத்தாம் வகுப்போடு இந்தப் பாடத்தை விட்டுவிட்டு, மேல்நிலையில் கலைப்பிரிவோ தொழிற்பிரிவோ படித்தவர்கள் உண்டு. "கணிதம்" என்றதும் அவர்கள் நினைவுக்கு வருவது இயற்கணிதமும் பொதுத்தேர்வும். "கணக்கு" என்றதும் வருவது கூட்டலும் கழித்தலும் வாய்ப்பாடும். தொடக்க வகுப்புக் கற்பித்தலைப் பற்றியே கேட்கிறோம் என்பதால் "ஒன்று முதல் ஐந்து வகுப்புவரையான கணக்குப் பாடம்" என்று தாளின் தலைப்பிலேயே வரையறுத்துவிடுங்கள்.

தமிழாக்கத்தை இருவர் தனித்தனியே செய்து ஒப்பிடட்டும். மூலத்தைப் பார்த்திராத இன்னொருவர் அதை மீண்டும் ஆங்கிலத்துக்கு மாற்றட்டும். அதன்பின் ஐந்தாறு மாணவ ஆசிரியர்களை ஒவ்வொருவராக அமர்த்தி, ஒவ்வொரு கூற்றையும் வாய்விட்டுப் படித்து, "இது என்ன கேட்கிறது என்று நீங்கள் புரிந்துகொண்டீர்கள்?" என்று சொல்லச் சொல்லுங்கள். எந்தப் புள்ளியியல் சோதனையும் காட்டித்தராத பிழைகளை இந்த அரைமணி நேரப் பேச்சு காட்டித்தரும். கடைசியாக, ஆய்வில் சேராத வேறொரு முப்பது பேரிடம் முன்னோட்டம் நடத்துங்கள்.

பணிசார் வினாக்களை எழுதுதல்

நல்ல வினாவில் மூன்று உறுப்புகள் இருக்கும்: ஒரு குழந்தை, ஒரு கணக்கு, ஓர் இடர். இவற்றில் இடர்தான் இன்றியமையாதது. இடர் இல்லாத வினாவுக்கு எல்லாரும் உச்ச மதிப்பெண் தருவார்கள், அளவுகோல் எவரையும் எவரிடமிருந்தும் பிரித்துக் காட்டாது. "பின்னங்களைக் கற்பிக்க முடியும்" என்பது மெலிந்த வினா. "எட்டு நான்கைவிடப் பெரிது, ஆகவே 1/8 என்பது 1/4ஐவிடப் பெரிது என்று உறுதியாகச் சொல்லும் நான்காம் வகுப்புக் குழந்தையைக் காகிதத்தை மடித்துப் பார்க்கவைத்து, தானே தன் கருத்தைத் திருத்திக்கொள்ளச் செய்ய என்னால் முடியும்" என்பது அளக்கத்தக்க வினா. இதேபோல, 0.45 என்பது 0.5ஐவிடப் பெரிது என்று சொல்லும் குழந்தை. சுற்றளவும் பரப்பளவும் ஒன்றே என்று நினைக்கும் குழந்தை. விரல்விட்டு எண்ணுவதைத் தாண்டி நகர மறுக்கும் குழந்தை என்று தொடரலாம். பாட நுணுக்கத்தோடு வகுப்புச் சூழலும் இடம்பெறட்டும். மூன்றாம், நான்காம் வகுப்புகளை ஒரே அறையில் வைத்து நடத்தும் ஈராசிரியர் பள்ளியில், ஒரு வகுப்புக்கு இடமதிப்பு கற்பிக்கும்போதே மற்றொரு வகுப்பைப் பயனுள்ள வேலையில் ஈடுபடுத்த முடியுமா என்று கேளுங்கள். தனக்கு உடனே விடை தெரியாத கேள்வியை ஒரு குழந்தை எழுப்பினால், அதை மழுப்பாமல் வகுப்போடு சேர்ந்து ஆராய முடியுமா என்றும் கேளுங்கள். என் அனுபவத்தில் மிகவும் நேர்மையான விடைகளைப் பெற்றுத்தந்தது இந்த வினாதான்.

விடைக்கு 0 முதல் 100 வரை பத்துப் பத்தாக ஏறும் அளவைப் பண்டூரா பரிந்துரைக்கிறார். 0 என்றால் அறவே முடியாது, 50 என்றால் ஓரளவு முடியும், 100 என்றால் மிக உறுதியாக முடியும். தேர்வு மதிப்பெண்ணுக்குப் பழகிய நம் மாணவர்கள் 35ஐத் தேர்ச்சிக் கோடாக நினைத்துக்கொள்ளும் வாய்ப்பு உண்டு. எனவே தொடங்குமுன் கணக்கோடு தொடர்பில்லாத ஒரு பயிற்சி வினாவைக் கொடுத்துவிடுங்கள். "5 கிலோ அரிசியைத் தூக்க முடியுமா, 25 கிலோ, 50 கிலோ, 100 கிலோ?" என்று ஏறுவரிசையில் கேட்டால், எண்ணைக் குறைத்துப் போடுவது இழிவன்று என்பதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

எப்போது, யார், எந்த நிலையில்

முறையாகச் செய்ய மூன்று அளவீடுகள் வேண்டும்: கணக்குக் கற்பித்தல் தாள் தொடங்குமுன் ஒன்று, பள்ளிக்குக் கற்பித்தல் பயிற்சிக்குச் செல்லுமுன் ஒன்று, திரும்பி வந்து ஓரிரு வாரங்களுக்குள் ஒன்று. பாடம் கவனிக்கப்படும் நாளுக்கு முந்தைய நாளிலும் தேர்வு வாரத்திலும் அளக்காதீர்கள்.

தாளைக் கொடுத்து வாங்குபவர் அகமதிப்பீட்டு மதிப்பெண் போடுபவராக இருக்கவே கூடாது. நம் நிறுவனங்களில் விரிவுரையாளரின் கையில் மாணவரின் மதிப்பெண்ணும் நற்சான்றும் இருக்கின்றன. அவர் முன்னால் அமர்ந்து "எனக்கு இது வராது" என்று எழுதுவது எளிதன்று. வேறு நிறுவனத்தைச் சேர்ந்த ஒருவரோ நூலகரோ செய்யட்டும். பெயர் வேண்டாம். ஆனால் மூன்று தாள்களும் ஒரே ஆளுடையவை என்று தெரியவேண்டுமே. அதற்கு, அம்மா பெயரின் முதல் எழுத்து, தாம் பிறந்த தேதியின் இரண்டு இலக்கம், கைபேசி எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் ஆகியவற்றைச் சேர்த்து ஒவ்வொருவரும் தமக்குத் தாமே ஒரு குறியீட்டை எழுதிக்கொள்ளலாம். விரும்பாதவர் எழுதாமல் வெளியேறலாம் என்பதை வாய்மொழியாகவும் சொல்லுங்கள். இருபது நிமிடம் போதும்.

மதிப்பெண் இடுதல்

எதிர்மறைக் கூற்றுகளுக்கு, குறித்த எண்ணை 6இலிருந்து கழித்து எழுதவேண்டும்: 5 என்பது 1 ஆகும், 2 என்பது 4 ஆகும். இதை மறந்தால் என்ன நேரும் என்று பாருங்கள். படிக்காமலேயே 13 கூற்றுகளுக்கும் 5 என்று குறித்தவர், திருப்பாத நிலையில் 65 பெற்று வகுப்பிலேயே உறுதியானவராகத் தெரிவார்; திருப்பிய பின் ஐந்து நேர்மறைக் கூற்றுகளுக்கு 25, எட்டு எதிர்மறைக் கூற்றுகளுக்கு 8, ஆக 33 பெறுவார். எல்லாவற்றிலும் நடுநிலையைக் குறித்தவர் பெறும் 39ஐவிட அது குறைவு. இரண்டுமே அவருடைய நம்பிக்கையைச் சொல்லவில்லை என்பதால், ஒரே நேர்க்கோட்டில் குறிக்கப்பட்ட தாள்களைக் கணக்கிடுமுன் பிரித்து வையுங்கள்.

கூற்றுகள் ஒன்றோடொன்று எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதைக் கிரான்பாக் ஆல்ஃபா காட்டும், 0.7க்கு மேல் இருப்பதை ஏற்பது வழக்கம். தமிழாக்கத்துக்கான மதிப்பை உங்கள் தரவிலிருந்தே கணக்கிடுங்கள். மூல ஆய்வின் மதிப்பை எடுத்து எழுதுவது எதையும் நிறுவாது. ஆல்ஃபா தாழ்ந்திருந்தால் முதலில் ஐயப்பட வேண்டியது எதிர்மறைக் கூற்றுகளை. எந்தக் கூற்றுகள் சேர்ந்து ஒரே கூறை அளக்கின்றன என்று பிரித்துக் காட்டும் காரணிப் பகுப்பாய்வை நாற்பது பேர் கொண்ட ஒரே வகுப்பின் தரவில் செய்ய முனையாதீர்கள். மாற்றத்தைப் பார்க்க, குறியீட்டைக் கொண்டு இணைசேர்த்து, ஒவ்வொருவரின் வேறுபாட்டையும் கண்டு, அந்த வேறுபாடுகளின் சராசரியையும் திட்ட விலக்கத்தையும் எழுதுங்கள். எத்தனை பேர் ஏறினார்கள், எத்தனை பேர் இறங்கினார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; சராசரி அசையாமல் நிற்கும் வகுப்பில் பாதிப்பேர் ஏறிப் பாதிப்பேர் சரிந்திருக்கலாம்.

எண் இறங்கினால் பதறவேண்டாம்

பள்ளியிலிருந்து திரும்பியபின் சிலருடைய மதிப்பெண் குறையும். பயிற்சி தோற்றுவிட்டது என்று முதல்வரிடம் எழுதித் தருமுன் ஒரு செய்தியை எண்ணிப் பாருங்கள். முன்பு 80 போட்டவர், கழித்தலை விதியாகச் சொல்லிக்கொடுப்பதையே கற்பித்தல் என்று எண்ணியிருந்தார். இப்போது ஒரு குழந்தையின் பிழைக்குப் பின்னால் உள்ள சிந்தனையைக் கண்டறிவதும் தம் வேலை என்று அறிந்து 60 போடுகிறார். அவர் நின்ற இடம் மாறவில்லை, அளவுகோல் நீண்டிருக்கிறது. இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. மூன்றாம் அளவீட்டில் ஒவ்வொரு வினாவுக்கும் இரண்டு கட்டங்கள் கொடுத்து, "இன்று என்னால் எவ்வளவு முடியும்", "பயிற்சிக்கு முன் உண்மையில் என்னால் எவ்வளவு முடிந்திருக்கும் என்று இப்போது நினைக்கிறேன்" என இரண்டையும் நிரப்பச் சொல்லுங்கள். பழைய தாளில் 80 என்று எழுதிய அதே கை, பின்னோக்கிப் பார்த்து 40 என்று எழுதினால், இன்றைய 60 ஒரு வளர்ச்சி. நினைவு சார்ந்த விடை என்பதால் இதைத் துணைச்சான்றாக மட்டும் கொள்ளவேண்டும்.

செயலின் அருகில் வைத்துப் படியுங்கள்

லிப்பிங் மா என்ற ஆய்வாளர் அமெரிக்கத் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் 23 பேரையும் சீன ஆசிரியர்கள் 72 பேரையும் ஒப்பிட்டு 1999இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றே முக்காலை அரையால் வகுத்து, அதற்கு ஒரு கதைக்கணக்கும் அமைக்கச் சொன்னார். சீன ஆசிரியர்கள் அனைவரும் சரியான விடை கண்டனர். அமெரிக்க ஆசிரியர்களில் பாதிக்கும் குறைவானவர்களே கண்டனர். கதை அமைக்கும்போது பலர் அரையால் வகுப்பதை இரண்டாகப் பங்கிடுவதோடு குழப்பிக்கொண்டனர். இந்தப் பணியை உங்கள் மாணவ ஆசிரியர்களிடமும் கொடுக்கலாம். விடை மூன்றரை, ஒன்றே முக்கால் லிட்டர் பாலை அரை லிட்டர் செம்புகளில் ஊற்றினால் எத்தனை செம்பு என்பது பொருந்தும் கதை. ஒன்றே முக்கால் லிட்டரை இருவருக்குச் சமமாகப் பங்கிடுவது பொருந்தாத கதை. செய்யுமுன் "இதை என்னால் கற்பிக்க முடியும்" என்பதற்கு எண் போடச் சொல்லுங்கள், செய்தபின் மீண்டும் போடச் சொல்லுங்கள். கற்பித்தல் பயிற்சியின்போது கவனித்த ஒரு பாடத்தின் குறிப்பும் உடனிருந்தால் இன்னும் நல்லது.

இப்படி வைத்துப் பார்த்தால் உதவி யாருக்கு எவ்வாறு தேவை என்பது தெளியும். உறுதியாக எண் போட்டுப் பொருந்தாக் கதை எழுதியவருக்கு ஊக்க உரை தீங்கையே செய்யும். அவருக்கு வேண்டியது பாட அறிவும், குழந்தைகளின் விடைத்தாள்களை அருகிலிருந்து படிக்கும் வாய்ப்பும். சரியாகச் செய்துவிட்டு 30 என்று எழுதியவருக்கு இன்னொரு தேர்வு தேவையில்லை. நம்பிக்கைக்குப் பண்டூரா கூறும் நான்கு ஊற்றுகளை — தானே செய்து வென்ற அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைக் காணல், மதிப்புக்குரியவரின் சொல், உடலும் மனமும் இருக்கும் நிலை — மனத்தில் கொண்டு, "இந்த எண்ணைப் போடும்போது எந்த நிகழ்ச்சி நினைவுக்கு வந்தது?" என்று அவரிடம் தனியே பேசிப் பாருங்கள். பள்ளிக் காலத்தில் கரும்பலகையின் முன் நிறுத்தி அவமதிக்கப்பட்ட ஒரு நாளை இருபது வயதிலும் சுமந்துகொண்டிருக்கும் பெண்களை இந்த உரையாடலில்தான் நான் கண்டேன். அவர்களில் ஒருவரையும் எந்த அளவுகோலும் எனக்கு அடையாளம் காட்டியதில்லை.

முடிவுகளை அவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். தனியாள் மதிப்பெண்ணைப் பலகையில் எழுதாதீர்கள், தரவரிசை போடாதீர்கள், அகமதிப்பீட்டோடு எவ்வகையிலும் இணைக்காதீர்கள். வினாவாரியாக வகுப்பின் சராசரியை மட்டும் காட்டி, மிகத் தாழ்ந்திருக்கும் மூன்று வினாக்களை எடுத்து, அடுத்த இரு வாரங்களின் நுண்ணிலைக் கற்பித்தலுக்கு (சக மாணவர்கள் முன் சில நிமிடம் பாடம் நடத்திப் பழகும் பயிற்சிக்கு) அவற்றையே பாடமாக வையுங்கள். தசமமே தாழ்ந்திருந்தால், 0.45 பெரிதா 0.5 பெரிதா என்று வாதிடும் குழந்தையாக ஒருவர் நடிக்கட்டும். மற்றவர் கட்டத்தாளை எடுத்துக்கொண்டு அவரோடு உட்காரட்டும்.